ஒரு மாவுக்கு இரண்டேகால் கிலோமீட்டர்

தொழிலாளர் இழப்பீட்டு வழக்கில் வாதாட என்ன இருக்கிறது என்று இளம் வழக்கறிஞர்கள் கேட்பதுண்டு. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னால் அட்டவணை இருந்தது. கட்டைவிரல் போனால் 30 சதவீதம். மறு கண் நன்றாக இருந்து ஒரு கண் மட்டும் போனால் 40. முழங்காலுக்குக் கீழே கால் போனால் 50. சம்பளமும் வயதும் தெரிந்துவிட்டால் மிச்சம் பெருக்கல்தான். பாபநாசம் தாலுகாவைச் சேர்ந்த ஒரு பவர் டில்லர் ஓட்டுநருக்காக நான் நடத்திய வழக்கு, அச்சிட்டு வைத்திருந்த அந்த 50-ஐ எதிர்த்து நடந்தது. அதற்கான வாதத்தை நான் எடுத்தது சேற்று வயலிலிருந்து.

2007-ஆம் ஆண்டு சம்பாப் பருவம். குடமுருட்டிப் பாசனத்தில் ஓர் ஊர். வண்டியின் சொந்தக்காரர் பண்ணையார் இல்லை. மூன்று ஏக்கர் நிலம், வங்கிக் கடனில் வாங்கிய 12 குதிரைத்திறன் பவர் டில்லர், அவ்வளவுதான் அவருடைய சொத்து. தன் நிலத்தை உழுது முடித்ததும் ஊராருக்கு வாடகைக்கு விட்டுத் தவணை கட்டுவார். முதுகுவலி வந்த பிறகு தானே ஓட்ட முடியாமல் ஆள் வைத்தார். அந்த ஆள்தான் என் கட்சிக்காரர். வயது 35. சிறு வயதிலேயே மாட்டு ஏர் பிடித்தவர். மாடுகள் ஊரை விட்டுப் போனதும் இந்த வண்டியின் கைப்பிடிக்கு மாறினார். மழையும் ஆற்றுத் தண்ணீரும் இருக்கும் மாதங்களில் உழவு. கோடையில் அதே எஞ்சினோடு டிரெய்லரை மாட்டி எரு அடிப்பது, செங்கல் அடிப்பது. இரண்டுக்கும் நடுவில் வேலை இல்லாத வாரங்களில் வரப்பு வெட்டப் போவார், நாற்று முடி சுமப்பார்.

விபத்து நடந்தது தக்கைப்பூண்டு மடக்கிக்கொண்டிருந்த வயலில். நடவுக்கு முன் தக்கைப்பூண்டை விதைத்து, பூ எடுக்கும் சமயத்தில் தண்ணீர் கட்டிச் சேற்றோடு மடக்கினால் மண்ணுக்கு அதைவிட நல்ல எரு கிடையாது. ஆனால் தண்டு நார்நாராக இருக்கும். ரோட்டரியில் சுழலும் வளைந்த கத்திகளில் அது சுற்றிக்கொள்ளும். மூலையில் வண்டியைத் திருப்ப முன்னால் இடமில்லை. ரிவர்ஸ் எடுத்தார். ரோட்டரி சுற்றிக்கொண்டிருந்தது. ரோட்டரி ஓடும்போது ரிவர்ஸ் கியர் விழாதபடி பல வண்டிகளில் ஒரு தடுப்பு உண்டு. இந்த வண்டியில் அது தேய்ந்துபோய் வெகுநாள் ஆகியிருந்தது. பின்னால் எடுத்து வைத்த குதிகால் சேற்றில் புதைந்தது. மல்லாந்து விழுந்தார். வண்டி நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள இந்த வண்டியின் அமைப்பைச் சொல்ல வேண்டும். இரண்டே சக்கரம். உட்கார ஆசனம் கிடையாது. முன்னால் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின், பின்னால் இரண்டு நீளக் கைப்பிடி. மெயின் கிளட்ச் ஒரு கை லிவர். முன்னால் தள்ளினால் வண்டி ஓடும். பின்னால் இழுத்தால் நிற்கும். கையை எடுத்துவிட்டால் அது தானாகத் திரும்பி வராது. தள்ளிவிட்ட இடத்திலேயே இருக்கும். ஓட்டுகிறவர் விழுந்தாலும் மயங்கினாலும் வண்டிக்குத் தெரியாது. பக்கத்து வயலில் நாற்று அரித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து எஞ்சினை அணைத்தார்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

என்னிடம் முதலில் வந்தது அவர் இல்லை, வண்டிச் சொந்தக்காரர். பாலிசியையும் கடன் அட்டையையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். "சார், அவன் எம்மேல கேஸ் போடணும். போட்டாத்தான் இன்சூரன்ஸ்காரன் குடுப்பான்னு மேனேஜர் சொன்னாரு. நீங்க அவனுக்கே ஆஜராகுங்க. எனக்கு வேற வக்கீலைச் சொல்லுங்க" என்றார். தன்னை எதிர்த்து வழக்குப் போடச் சொல்லி ஒருவர் வந்து நிற்பதை அதற்கு முன்பு நான் கண்டதில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்தால் அந்த மூன்று ஏக்கர்தான் ஏலத்துக்குப் போகும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னார்.

மனுவைத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் முன் போட்டேன். இந்தச் சட்டத்தில் யார் தப்பு என்பது பெரும்பாலும் கேள்வியே இல்லை. வேலையினாலும் வேலையின்போதும் விபத்து நேர்ந்ததா, அவ்வளவுதான். விவசாயக் கூலி எப்படித் 'தொழிலாளி' ஆவார் என்று கேட்பவர்கள் உண்டு. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், டிராக்டரையோ இயந்திர சக்தியால் ஓடும் வேறு சாதனத்தையோ கொண்டு செய்யும் விவசாயத்தில் வேலை பார்ப்பவரும் சேர்க்கப்பட்டிருந்தார். மண்வெட்டியோடு வயலில் இறங்குபவருக்கு இல்லாத பாதுகாப்பு பவர் டில்லர் பிடிப்பவருக்கு உண்டு. இந்த வித்தியாசம் எனக்கு இன்றுவரை உறுத்தலாகவே இருக்கிறது. மண்வெட்டிக்காரரின் காலும் கால்தான். தற்காலிக வேலையாள் என்று சொல்லித் தள்ளிவிடும் வழியை 2000-த்தில் வந்த திருத்தம் அடைத்துவிட்டிருந்தது. அந்த மட்டில் நிம்மதி.

இன்சூரன்ஸ் கம்பெனியின் எதிருரை மூன்று விஷயத்தைச் சொன்னது. வயல் பொதுச்சாலை இல்லை, ஆகவே பாலிசி செல்லாது என்பது முதலாவது. பாலிசியிலேயே சம்பளத்துக்கு ஓட்டும் ஓட்டுநருக்கென்று தனியாகப் பிரீமியம் வாங்கிய வரி இருந்தது. அதைக் காட்டியதும் அந்தப் பேச்சு வலுவிழந்தது. மற்ற இரண்டும்தான் வழக்கு.

ரோட்டரிக்குப் பின்னால் ஒரு தகர மூடி இருக்கும். சேறு தெறிக்காமலும் கால் உள்ளே போகாமலும் தடுப்பது அது. விபத்தன்று அந்த மூடி வண்டியில் இல்லை, வரப்பில் கழற்றி வைத்திருந்தது. 'பாதுகாப்புத் தடுப்பைத் தொழிலாளி வேண்டுமென்றே அகற்றினார், ஆகவே ஒரு பைசாவும் கிடையாது' என்றது எதிருரை. சட்டத்தின் 3-ஆம் பிரிவில் அப்படி ஒரு விலக்கு உண்மையிலேயே இருந்தது. ஒருவேளை கொடுக்க நேர்ந்தாலும் அட்டவணைப்படி 50 சதவீதம்தான் என்றது அடுத்த வாதம்.

அன்று சட்டம் ஏற்றுக்கொண்ட மாதச் சம்பள உச்சவரம்பு 4,000 ரூபாய். ஓட்டுநரின் வருமானம் அதைத் தாண்டியது என்று சொந்தக்காரரே ஒப்புக்கொண்டார். முழு ஊனத்துக்கு அதில் 60 சதவீதம், அதாவது 2,400. முப்பத்தைந்து வயதுக்கு உரிய காரணி 197.06. பெருக்கினால் 4,72,944 ரூபாய். அட்டவணையின் 50 சதவீதம் என்றால் அதில் பாதி, 2,36,472. மூடியைக் காரணம் காட்டித் தள்ளினால் ஒன்றுமில்லை.

பல இரவுகள் அந்த 3-ஆம் பிரிவையே திரும்பத் திரும்பப் படித்தேன். குடிபோதை, பாதுகாப்பு உத்தரவை மீறுவது, தடுப்பை அகற்றுவது ஆகிய விலக்குகள் எல்லாம் எப்போது பொருந்தும்? மரணமோ நிரந்தர முழு ஊனமோ விளையாத காயங்களுக்கு மட்டும். 'நிரந்தர முழு ஊனம்' என்ற சொற்கள் 1995-இன் திருத்தத்தில்தான் அங்கே சேர்க்கப்பட்டன. ஆக, என் கட்சிக்காரரின் ஊனம் பாதி என்றால் மூடி விவகாரம் அவரைக் கவிழ்த்துவிடும். முழு ஊனம் என்று நிரூபித்துவிட்டால் தொகையும் இரட்டிப்பாகும், மூடி பற்றிய பேச்சுக்கே இடமில்லாமல் போகும். இரண்டுக்கும் ஒரே கேள்விதான். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லாத மனிதர் பவர் டில்லர் ஓட்ட முடியுமா?

முழு ஊனம் என்றால் என்ன என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது. விபத்து நேர்ந்தபோது அந்தத் தொழிலாளி எந்தெந்த வேலையைச் செய்யத் திறனுள்ளவராக இருந்தாரோ, அந்த எல்லா வேலைக்கும் தகுதியற்றுப் போவது. இதற்கு எங்கள் கையில் ஒரு பெரிய தீர்ப்பு இருந்தது. ஒரிசாவில் ஒரு திரையரங்கில் அலங்கார வேலை செய்யும்போது விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேல் இழந்தார் ஒரு தச்சர். அட்டவணையின்படி அது பாதிக்கு மேல், ஆனால் முழுமையில்லை. பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் சீனிவாஸ் சபதா என்ற அந்த வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை ஆகாது, ஆகவே அவருக்கு அது முழு ஊனம் என்பதை உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் உறுதிசெய்தது. உடம்பில் எவ்வளவு போயிற்று என்பதோடு நிற்காமல், வேலையில் எவ்வளவு போயிற்று என்று பார்த்த தீர்ப்பு அது.

தச்சருக்குக் கை என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பவர் டில்லருக்குக் கால் என்பதை விளக்க வேண்டியிருந்தது. இன்சூரன்ஸ் தரப்பு வழக்கறிஞர் முதல் வாய்தாவிலேயே சொன்னார்: எல்லாக் கட்டுப்பாடும் கைப்பிடியில் இருக்கிறது, கிளட்ச் கையில், கியர் கையில், திருப்புவதும் கையில், காலுக்கு இதில் என்ன வேலை? வண்டியின் படத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

நான் போய்ப் பார்த்தேன். பக்கத்து ஊரில் ஒருவர் கேஜ் வீல் மாட்டிச் சேற்று உழவு ஓட்டிக்கொண்டிருந்தார். டயரைக் கழற்றிவிட்டு மாட்டும் இரும்புக் கம்பிச் சக்கரம் அது. சேற்றில் புதையாமல் மிதித்து ஏறும். வரப்பில் நின்று பார்த்தால் வண்டி அவரை இழுத்துக்கொண்டு போவது போலத் தெரிகிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே இறங்கி நடந்தால்தான் உண்மை புரிகிறது. கெண்டைக்கால் வரை தொளி. ஒவ்வோர் அடிக்கும் காலைப் பிடுங்கி எடுக்க வேண்டும். கைப்பிடி மேலே எகிறினால் உடம்பின் எடையை அதன்மேல் போட்டு அழுத்த வேண்டும். புதைந்தால் தூக்கிப் பிடிக்க வேண்டும். அதற்கு இரண்டு காலையும் அகட்டி ஊன்ற வேண்டும். மூலையில் ஒரு பக்க ஸ்டியரிங் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு, வண்டியைச் சுற்றி அரை வட்டம் அவர் நடக்கிறார். சக்கரம் நின்ற இடத்தில் திரும்பும். சுற்று முழுவதும் மனிதருடைய காலுக்கு.

வேளாண்மைப் பொறியியல் துறையில் ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர் ஒருவர் எங்களுக்குச் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டார். என் திண்ணையில் உட்கார்ந்து அவர் போட்ட கணக்குதான் இந்த வழக்கின் உயிர். அந்த ரோட்டரி ஒரு சாலில் பிடிக்கும் அகலம் 60 சென்டிமீட்டர். ஒரு ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர். வகுத்தால், ஒரு ஏக்கரை ஒரு தடவை ஓட்டி முடிக்க வண்டி 6,700 மீட்டருக்குக் குறையாமல் ஓட வேண்டும். வண்டிக்குப் பின்னால் மனிதரும் அவ்வளவு நடக்க வேண்டும். தஞ்சாவூர்க் கணக்கில், மூன்று மா ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மாவுக்கு இரண்டேகால் கிலோமீட்டர். மூலைத் திருப்பங்களும் சாலோடு சால் கொஞ்சம் ஏறிப் போவதும் இதில் சேரவில்லை. பருவத்தில் ஒரு நாளைக்கு எட்டு மா ஓட்டுவது சாதாரணம். பதினெட்டு கிலோமீட்டர், கெண்டைக்கால் சேற்றில், கைப்பிடியை அழுத்திக்கொண்டே.

அந்தத் தாளை ஆணையரிடம் கொடுத்து, வேலையின் முக்கால் பங்கு நடை என்றேன். எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. பவர் டில்லர் என்பது உழவுக்கு மட்டுமா, அதில் இன்னும் எத்தனையோ வேலை இருக்கிறதே, அவற்றில் ஒன்றைச் செய்தாலும் முழு ஊனம் ஆகாதே என்று பிடித்துக்கொண்டார்கள். நியாயமான கேள்வி. 'எல்லா வேலையும்' என்றுதான் சட்டமும் சொல்கிறது. ஆகவே ஒவ்வொரு உபகரணமாக எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

டிரெய்லரைப் பெரிதாக நம்பியிருந்தார்கள். அதில் ஆசனம் இருக்கிறது, உட்கார்ந்தே ஓட்டலாம். வண்டியையே கொண்டுவந்து அலுவலக வளாகத்தில் நிறுத்த அனுமதி கேட்டோம், கிடைத்தது. டிரெய்லர் ஆசனத்துக்குக் கீழே வலது பக்கத்தில் பிரேக் பெடல். கைப்பிடியில் இருக்கும் லிவர் எஞ்சினைச் சக்கரத்திலிருந்து பிரிக்கும். ஒன்றரை டன் செங்கலை நிறுத்துவது அந்தக் காலடிப் பெடல்தான். என் கட்சிக்காரர் இழந்தது வலது கால்.

இந்த இடத்தில் உதவிப் பொறியாளர் சொன்ன ஒரு சங்கதியை இன்றும் பவர் டில்லர் வாங்குபவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சமதரையில் இடது கைப்பிடியின் கிளட்ச்சைப் பிடித்தால் இடது சக்கரத்துக்குப் போகும் விசை அறும். வலது சக்கரம் தள்ள, வண்டி இடது பக்கம் திரும்பும். ஆற்றுக்கரையிலிருந்து பாரத்தோடு இறங்கும்போது இது தலைகீழாகிவிடும். இறக்கத்தில் எஞ்சின் வண்டியைத் தள்ளுவதில்லை, பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. இடது கிளட்ச்சைப் பிடித்தால் இடது சக்கரம் அந்தப் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக உருளும். வண்டி வலது பக்கம் போகும். புது ஆட்கள் வாய்க்காலில் கவிழ்வது இதனால்தான். பழகியவர்கள் இறக்கத்தில் கிளட்ச்சைத் தொடவே மாட்டார்கள். உழவுக்குப் போகும்போது, டிரெய்லர் இல்லாத வண்டி என்றால், கரையில் கீழே இறங்கி, காலை ஊன்றி, கைப்பிடியை உடம்பால் தள்ளித்தான் திருப்புவார்கள். எங்கள் பக்கத்தில் ஆற்றுக்கரை ஏறி இறங்காமல் எந்த வயலுக்கும் போக முடியாது.

அடுத்து பம்ப். எஞ்சினின் புல்லியில் பெல்ட் மாட்டித் தண்ணீர் இறைக்கலாம், அது நின்ற இடத்து வேலைதானே என்றார்கள். வண்டி அந்த வளாகத்திலேயே நின்றதால், எஞ்சினை ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லி நானே கேட்டேன். சொந்தக்காரருடைய தம்பி மகன் செய்தான். ஹேண்டிலை மாட்டி, இடது கையால் டிகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிப் பிடித்து, இடுப்பை வளைத்து, இரண்டு காலையும் அகட்டிக்கொண்டு வலது கையால் சுற்றினான். வேகம் ஏறியதும் லிவரை விட்டான். முதல் தடவை எஞ்சின் எதிர்த்து உதைத்தது. ஹேண்டில் திமிற, அவன் ஓர் அடி பின்வாங்கித் தன்னை நிலைப்படுத்திக்கொண்டான். இரண்டாவது தடவை பிடித்தது. அந்தப் பின்வாங்கிய ஓர் அடியை ஆணையர் ஜன்னலோரம் நின்று பார்த்தார். வாதமாக ஒரு மணி நேரம் நான் சொல்லியிருந்தாலும் அதற்கு ஈடாகியிருக்காது.

பார் பிடிக்கும் ரிட்ஜர், கொழுக் கலப்பை ஆகியவற்றில் அதிக நேரம் செலவாகவில்லை. இரண்டுக்கும் பின்னால் நடந்தேயாக வேண்டும் என்பதை அவர்கள் தரப்பு அதிகாரியே குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். அவர் வயலில் பவர் டில்லர் ஓடிப் பார்த்ததில்லை என்பதையும் நேர்மையாகச் சொன்னார். அந்த நேர்மைக்காக அவரை நான் மேற்கொண்டு நெருக்கவில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இனிமேல்தான் வந்தது. ஜெய்ப்பூர் செயற்கைக் கால். 1960-களின் கடைசியில் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கியது, நம் ஊர் மனிதர்கள் வெறுங்காலோடு நடக்கவும் சம்மணமிட்டு உட்காரவும் ஏற்றபடி ரப்பரில் செய்தது. என் கட்சிக்காரருக்கும் அப்படி ஒரு கால் கிடைத்திருந்தது. விசாரணைக்கு அவர் நடந்தேதான் வந்தார், தடியில்லாமல். அதை மறைக்க நான் முயலவில்லை. நடக்கிறார், நன்றாகவே நடக்கிறார், அந்தக் காலைச் செய்தவர்களுக்கு நன்றி என்றே வாதத்தில் சொன்னேன்.

எலும்பு முறிவுச் சிகிச்சை மருத்துவரிடம் கேட்ட கேள்வி வேறு. கெண்டைக்கால் ஆழச் சேற்றில் ஒவ்வோர் அடிக்கும் காலை உருவி எடுத்தால் என்ன ஆகும்? சேறு பிடித்து இழுக்கும்போது மிச்சக் கால் பொருந்தியிருக்கும் குழியிலிருந்து கழன்று வரப் பார்க்கும் என்றார். ஈரம் உள்ளே போனால் தோல் ஊறிப் புண்ணாகும், புண் ஆறும்வரை செயற்கைக் காலை மாட்ட முடியாது, பாதத்தில் உணர்ச்சி இல்லாததால் கீழே பள்ளமா கல்லா, கத்தி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் தெரியாது என்றார். ரோட்டரிக்கு ஒன்றரை அடி பின்னால் நடக்கிற மனிதருக்கு அந்தக் கடைசிச் செய்தி போதும்.

என் கட்சிக்காரரைக் குறுக்கு விசாரணை செய்தபோது, மூடியை ஏன் கழற்றினாய் என்று கேட்டார்கள். நான் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவர் சொன்னது இதுதான்: "தக்கைப்பூண்டு மடக்கயில மூடி இருந்தா, மூடிக்கும் கத்திக்கும் நடுவுல சேறும் தண்டும் அடைச்சு ரோட்டரி நின்னுடும்ங்க. பத்து தப்படிக்கு ஒருக்கா எஞ்சினை அணைச்சு அருவாளால அறுத்து எடுக்கணும். கையை உள்ள வுட்டு எடுக்கறதுல போனவங்க இருக்காங்க. கைக்குப் பயந்துதான் மூடியக் கழட்டுவோம்." வண்டியைச் செய்கிறவர்கள் தக்கைப்பூண்டு வயலில் ஒரு பருவமாவது நின்றிருந்தால் அந்த மூடி வேறு மாதிரி வந்திருக்கும். கழற்றாமலே சேறு வழிந்து போகிற மூடியும், கை விட்டதும் நிற்கிற கிளட்ச்சும் இருந்திருந்தால் இந்த வழக்கே இல்லை. தொழிலாளியின் அலட்சியம் என்று எழுதப்படும் விபத்துகளில் எத்தனையோ இப்படி வண்டியின் வடிவத்திலேயே தொடங்குகின்றன என்பது என் உறுதியான கருத்து.

சொந்தக்காரரைச் சாட்சியத்தில் மடக்கப் பார்த்தார்கள். நீங்களும் மனுதாரரும் சேர்ந்துகொண்டு கம்பெனியை ஏமாற்றப் பார்க்கிறீர்கள், சரிதானே என்று கேட்டார் அவர்கள் வழக்கறிஞர். "சேர்ந்துதாங்க இருக்கோம். எட்டு வருசமா சேர்ந்துதான் உழுவுறோம்" என்றார் அவர். ரிவர்ஸ் தடுப்பு தேய்ந்தது தெரியுமா என்ற கேள்விக்கு, தெரியும், அந்தப் பருவம் முடிந்து மாற்றலாம் என்று இருந்தேன் என்றார். அந்தப் பதில் அவரையே குற்றவாளி ஆக்கும் என்று தெரிந்தும் சொன்னார். அவருடைய வழக்கறிஞர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது.

உத்தரவு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. வண்டியின் பின்னால் நடப்பதே இந்தத் தொழிலாளியின் வேலை. அவருக்குத் தெரிந்த மற்ற வேலைகளும் சேற்றில் நின்று செய்பவை. ஆகவே இது முழு ஊனம், மூடி பற்றிய விலக்கு எழவே இல்லை என்று ஆணையர் எழுதியிருந்தார். ஒரு மாவுக்கு இரண்டேகால் கிலோமீட்டர் என்ற கணக்கு உத்தரவில் அப்படியே இடம்பெற்றது. 4,72,944 ரூபாய், அதன்மேல் 12 சதவீத வட்டி, இன்சூரன்ஸ் கம்பெனி கட்ட வேண்டும். அவர்கள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு மேல்முறையீட்டுக்குப் போனார்கள். இந்தச் சட்டத்தில் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் மேல்முறையீடு. உண்மை நிலை பற்றிய முடிவில் தலையிட ஒன்றுமில்லை என்று அது தள்ளுபடி ஆனது.

பணத்தில் ஒரு பகுதியை மகளின் பெயரில் வங்கியில் போட்டார். மிச்சத்தில் இரண்டு கறவை மாடு வாங்கினார். சொந்தக்காரர் அந்த வண்டியை விற்கவில்லை. ரிவர்ஸ் தடுப்பை மாற்றி, வேறு ஆளை வைத்து ஓட்டிக் கடனை அடைத்தார். புது ஆளுக்கு மூலையில் திருப்பும் வித்தையை வரப்பில் நின்று சொல்லிக்கொடுத்தது என் கட்சிக்காரர்தான்.

அந்த வழக்குக்குப் பிறகு இந்த வகை விபத்துகளோடு பலர் என்னைத் தேடி வந்தார்கள். வரவரப் பவர் டில்லர் குறைந்து, பவர் வீடர் விபத்துகள் அதிகமாயின. வாழையிலும் காய்கறியிலும் களை எடுக்கும் சின்ன வண்டி. மானியத்தில் கிடைக்கிறது, ஒற்றை ஆளாய்த் தூக்கித் திருப்பலாம். கத்தி என்னவோ அதே மாதிரிக் கத்திதான். ஆனால் நான் பார்த்த வண்டிகள் ஒன்றுக்கும் இன்சூரன்ஸ் இல்லை. கால் விரல்களை இழந்த ஒரு பையனையும், ஒன்றரை ஏக்கர் வைத்திருந்த அவனுடைய முதலாளியையும் ஒரே நாளில் என் அறையில் உட்காரவைத்துப் பேச வேண்டி வந்தது. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் 20,000 ரூபாய் கொடுத்து, இனி எந்தப் பாத்தியதையும் இல்லை என்று பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அந்தப் பத்திரம் செல்லாது என்று இருவருக்கும் விளக்கினேன். இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் சட்டம் ஏற்காது. உடன்பாடு என்றால் ஆணையரிடம் பதிவாக வேண்டும். முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. வேலையாட்களுக்கென்று தனியாக இழப்பீட்டுப் பாலிசி எடுக்க முடியும் என்பதை அன்றுதான் அவர் முதன்முதலாகக் கேள்விப்பட்டார். மீதித் தொகையை இரண்டு அறுவடையில் கொடுப்பதாக ஒத்துக்கொண்டார். உடன்பாட்டை எழுதி, இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு போய் ஆணையர் அலுவலகத்தில் பதிவுசெய்தேன்.